பிளஸ் டூ முடிச்சு வெளிய வர்றீங்களா? நம்ம பள்ளி முன்னாள் மாணவர் சங்கம் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வருஷம் பிளஸ் டூ எழுதற தம்பி தங்கச்சிங்களுக்கும், அவங்க அப்பா அம்மாவுக்கும், சங்கத்துல ஏற்கனவே இருக்கற அண்ணன் அக்காங்களுக்கும் சேர்த்துதான் இதை எழுதறேன். நம்மது அரசு மேல்நிலைப் பள்ளி. சங்கத்துக்குன்னு தனி ஆபீஸ் எல்லாம் கிடையாது, ஒரு பேங்க் அக்கவுண்ட், ஒரு வாட்ஸ்அப், ஞாயித்துக்கிழமை லீவுல அலையறதுக்கு மனசு இருக்கற கொஞ்சம் பேர், அவ்ளோதான். பிப்ரவரி மாசம் வந்தாலே போன்ல அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருது, அதனால மொத்தமா இங்க.

நான் எப்போ முன்னாள் மாணவர் ஆவேன்? ரிசல்ட் வந்தப்புறமா?

கடைசி எக்ஸாம் எழுதிட்டு கேட்டைத் தாண்டி வெளிய வந்தீங்கன்னா ஆயிட்டீங்க. சட்டைல இங்க் அடிச்சுக்கிட்டு ஃபோட்டோ எடுக்கறீங்க பாருங்க, அந்த நாள்ல இருந்தே. மார்க்குக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பத்தாவதோட நின்னவங்க, ஒன்பதாவதுல டிசி வாங்கிட்டு வேற ஊருக்குப் போனவங்க, இவங்களும் நம்ம மெம்பர்தான். இந்த ஸ்கூல் அட்டெண்டன்ஸ்ல உங்க பேர் ஒரு வருஷம் இருந்திருந்தா போதும்.

ஃபெயில் ஆயிட்டா குரூப்ல இருந்து தூக்கிடுவாங்களா?

போன வருஷம் ஒரு தங்கச்சி இதை நேர்லயே கேட்டுச்சு, கேட்டப்போ மனசு கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா இப்படி ஒரு பயம் பிள்ளைங்களுக்கு வரக்கூடாது. தூக்க மாட்டோம். சொல்லப்போனா ரிசல்ட் அன்னிக்கு நாங்க முதல்ல தேடறதே பாஸ் ஆகாத பிள்ளைங்களத்தான், ஏன்னா பாஸ் ஆனவங்களுக்கு போன் பண்ண சொந்தக்காரங்க நிறைய பேர் இருப்பாங்க, இவங்க போனை ஆஃப் பண்ணிட்டு ரூமுக்குள்ள உக்காந்திருப்பாங்க. ரிசல்ட் பெரும்பாலும் மே மாசம் வரும், துணைத்தேர்வு ஜூன் கடைசி வாக்குல இருக்கும், நடுவுல இருக்கற நாள் கம்மி, அதுக்குள்ள அப்ளை பண்ணணும், படிக்கணும். அந்த பாடத்துல கெட்டியா இருக்கற ஒரு அண்ணனோ அக்காவோ அந்த நாட்கள்ல சாயங்காலம் உக்காந்து சொல்லித் தருவாங்க, காசு கிடையாது. பாஸ் பண்ணிட்டு அதே வருஷமே காலேஜ் சேரலாம், ஒரு வருஷம் வேஸ்ட் ஆகாது. இத தயவுசெஞ்சு வீட்லயும் சொல்லிடுங்க, அன்னிக்கு வீட்ல எல்லாரும் பதட்டமா இருக்கறப்போ யார் காதுலயும் எதுவும் ஏறாது.

சேர்றதுக்கு எவ்ளோ கட்டணும்?

ஒண்ணும் கட்ட வேண்டாம். படிக்கற வரைக்கும் சந்தா கிடையாது. வேலைக்குப் போனப்புறம் முடிஞ்சா குடுங்க, முடியலன்னா அதுவும் பரவால்ல.

சில சங்கத்துல ஃபேர்வெல் அன்னிக்கே பசங்ககிட்ட ஆயுள் சந்தான்னு ஒரு தொகைய வாங்கிடறாங்க. எனக்கு அதுல கொஞ்சமும் உடன்பாடு இல்ல. ஸ்கூலை விட்டு வெளிய வர்ற பிள்ளைக்கு அந்த நேரம் அப்ளிகேஷன் ஃபீஸ், பஸ் செலவு, ஃபோட்டோ, ஜெராக்ஸ்னு எல்லாமே காசுதான். அந்த நேரத்துல நம்மளும் கைய நீட்டுனா அப்புறம் அந்தப் பிள்ளை சங்கம்னா வசூல்னுதான் நெனைக்கும்.

சரி, சேர்ந்தா எனக்கு என்ன கிடைக்கும்?

இதுக்குத்தான் பெரிய பதில். ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஒரு நாலஞ்சு மாசம் இருக்கு, அந்த நேரத்துல நீங்க ஸ்கூல்லயும் இல்ல, காலேஜ்லயும் இல்ல, டீச்சர் கிட்ட தினமும் போய் கேக்க முடியாது, வீட்ல படிச்சவங்க இல்லன்னா யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியாது. கெட்டிக்கார பிள்ளைங்க கூட ஒரு சர்டிபிகேட் இல்லாததால நல்ல சீட்டை விட்டது இந்த மாசங்கள்லதான். அந்த நேரத்துக்கு உங்களுக்குன்னு ஒரு சீனியர் அண்ணனையோ அக்காவையோ வழிகாட்டியா குடுக்கறோம், அதுதான் எங்களால முடிஞ்ச பெரிய விஷயம்.

அந்த ஆள் என்ன பண்ணுவாங்கன்னா, முதல்ல பேப்பரை எல்லாம் பாப்பாங்க. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருந்தா 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு, 2020-ல மெடிக்கலுக்கு வந்துச்சு, 2021-ல இன்ஜினியரிங், விவசாயம், சட்டம்னு மத்த தொழிற்படிப்புக்கும் குடுத்தாங்க, அந்த ஒதுக்கீட்டுல இன்ஜினியரிங் சேர்றவங்களுக்கு படிப்புச் செலவு, ஹாஸ்டல் செலவு எல்லாம் அரசே ஏத்துக்குது. ஆனா ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியிலதான் படிச்சேன்னு காட்டணும், நடுவுல எட்டாவது வரைக்கும் வேற ஊர் ஸ்கூல்ல படிச்சிருந்தா அந்த ஸ்கூல் எச்எம் கையெழுத்தும் வேணும், அங்க லீவு விட்டுட்டாங்கன்னா எச்எம்மை தேடிப் போகணும். இதை மே மாசம் கண்டுபிடிச்சு ஓடறதுக்கு மார்ச்லயே வாங்கி வச்சிடலாம்.

அடுத்தது முதல் பட்டதாரி சான்றிதழ். வீட்ல இதுவரைக்கும் யாரும் டிகிரி முடிக்கலன்னா இ-சேவை மையத்துல அப்ளை பண்ணலாம், அக்காவோ அண்ணனோ ஏற்கனவே டிகிரி முடிச்சிருந்தா கிடைக்காது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ்ல இருக்கற பேரும் மார்க் ஷீட்ல இருக்கற பேரும் ஒண்ணா இருக்கா, அப்பா பேர்ல இனிஷியல் மாறியிருக்கான்னு பாக்கணும். கேட்டா சின்ன விஷயம் மாதிரி இருக்கும், கவுன்சிலிங் நேரத்துல இதுதான் கழுத்தைப் புடிக்கும்.

அப்புறம் மாசம் 1000 ரூபாய். தங்கச்சிங்களுக்கு புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர்ல வந்துச்சு, தம்பிங்களுக்கு தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு. காலேஜ், பாலிடெக்னிக், ஐடிஐ எதுல சேர்ந்தாலும் படிப்பு முடியற வரைக்கும் பேங்க்ல வரும். இதுக்கு உங்க பேர்ல பேங்க் அக்கவுண்ட் இருக்கணும், அதுல ஆதார் இணைச்சிருக்கணும், ஸ்கூல்ல குடுத்த எமிஸ் நம்பர், அதாவது உங்க மாணவர் அடையாள எண், தெரிஞ்சிருக்கணும். நெறைய பேர் எமிஸ் நம்பரை எங்கயுமே எழுதி வச்சிருக்க மாட்டாங்க. இன்னிக்கே ஹால் டிக்கெட்டுக்குப் பின்னாடி குறிச்சு வச்சுக்கோங்க.

ஒருத்தர் வீட்டுக்கே வந்து காலேஜ்ல சீட் வாங்கித் தர்றேன்னு சொல்றார், ஒரிஜினல் சர்டிபிகேட் கேக்கறார். குடுக்கலாமா?

குடுக்காதீங்க. யாரா இருந்தாலும் குடுக்காதீங்க, தெரிஞ்சவரா இருந்தாலும். சர்டிபிகேட் சரிபார்க்கறதுக்கு காட்டலாம், பாத்துட்டு திருப்பித் தந்துடணும், ஒரிஜினலை காலேஜே புடிச்சு வச்சுக்கக் கூடாதுன்னு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லயே அறிவிப்பு போட்டிருக்கு, அப்படி இருக்கறப்போ நடுவுல வர்ற ஏஜெண்ட்டுக்கு என்ன உரிமை இருக்கு? ஒரு ஆளை சேர்த்துவிட்டா அவருக்கு கமிஷன், அதனால உங்களுக்கு எது நல்லதுன்னு அவர் பாக்க மாட்டார். இப்படி யாராவது வந்தா காலேஜ் பேரையும் கோர்ஸ் பேரையும் மட்டும் கேட்டு வாங்கி உங்க வழிகாட்டி அண்ணனுக்கோ அக்காவுக்கோ மெசேஜ் போடுங்க. அந்த கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்கா, அங்க நம்ம ஸ்கூல் பிள்ளைங்க யாராவது படிக்கறாங்களான்னு விசாரிச்சு சொல்லிடுவோம். முன்பணம் ஒரு ரூபாய் கூட வேண்டாம்.

எங்க பொண்ணு நம்பரை வாட்ஸ்அப் குரூப்ல போட எங்களுக்கு இஷ்டம் இல்ல.

நீங்க சொல்றது நியாயம்தான் அம்மா, எங்களுக்கும் அந்த கவலை இருக்கு. சாதாரண குரூப்ல போட்டா உள்ள இருக்கற எல்லாருக்கும் எல்லா நம்பரும் தெரியும், யார் எந்த நேரத்துல மெசேஜ் அனுப்புவாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால புது பேட்சுக்கு கம்யூனிட்டி அறிவிப்பு குரூப் மட்டும்தான், அதுல அட்மினைத் தவிர வேற யாருக்கும் நம்பர் தெரியாது, அட்மின் மட்டும்தான் மெசேஜ் போட முடியும். தங்கச்சிங்களுக்கு அக்காதான் வழிகாட்டி, அண்ணன்களுக்கு அவங்க நம்பர் போகாது. ராத்திரி ஒம்பது மணிக்கு மேல யாரும் யாருக்கும் கூப்பிடக் கூடாது. பொண்ணு ஃபோட்டோவ கேக்காம எங்கயும் போட மாட்டோம்.

பதினெட்டு வயசு ஆகாதவங்க ஃபார்ம்ல அப்பாவோ அம்மாவோ கையெழுத்து போடணும். உங்க நம்பரையே குடுத்தா கூட போதும், தகவல் உங்களுக்கு வரும், நீங்க சொல்லிடுங்க. யாராவது தப்பா பேசுனாங்கன்னா அன்னிக்கே எங்களுக்கு சொல்லுங்க, அந்த ஆள் எவ்ளோ சீனியரா இருந்தாலும், எவ்ளோ நன்கொடை குடுத்திருந்தாலும் வெளிய அனுப்பிடுவோம், இதுல பேச்சுக்கே இடம் இல்ல.

வரவேற்பு கூட்டத்துல என்ன நடக்கும்? நான் கூச்சப்படுவேன்.

மேடை, பொன்னாடை, மாலை எதுவும் கிடையாது. முன்னாடி எல்லாம் அப்படித்தான் நடக்கும், பிள்ளைங்க மூணு மணி நேரம் வெயில்ல உக்காந்து யார் யாருக்கோ கை தட்டிட்டுப் போவாங்க, ஒருத்தர் பேர் கூட நெனப்புல இருக்காது. இப்போ பொதுத்தேர்வுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை மத்தியானம், எச்எம் கிட்ட அனுமதி வாங்கி, சைக்கிள் ஸ்டாண்ட் பக்கத்துல வேப்பமரத்தடியில பெஞ்சை வட்டமா போடறோம். ஒவ்வொரு பெஞ்சுலயும் ஒரு சீனியர். நர்ஸா இருக்கற அக்கா ஒரு பெஞ்சு, திருப்பூர்ல கட்டிங் மாஸ்டரா இருக்கற அண்ணன் ஒரு பெஞ்சு, போலீஸ் செலக்‌ஷன்ல பாஸ் ஆனவர், பேங்க்ல இருக்கறவர், சொந்தமா ஒர்க்‌ஷாப் வச்சிருக்கறவர்னு. நீங்க உங்களுக்குப் புடிச்ச பெஞ்சுல போய் உக்காந்து கேக்கலாம், கொஞ்ச நேரம் கழிச்சு வேற பெஞ்சுக்கு மாறலாம்.

கேள்விகள் ரொம்ப நேரடியா வரும், அதான் எனக்குப் புடிச்ச விஷயம். நைட் ஷிப்டுல பயமா இருக்குமா அக்கா, முதல் மாச சம்பளம் கைக்கு எவ்ளோ வந்துச்சு அண்ணா, இங்கிலீஷ் தெரியாம முதல் வருஷம் கிளாஸ்ல எப்படி உக்காந்தீங்க, ஹாஸ்டல்ல சாப்பாடு எப்படி, இப்படி. தமிழ் மீடியத்துல படிச்சிட்டு இன்ஜினியரிங் போன ஒரு அக்கா, முதல் செமஸ்டர்ல புக்ல பாதி வார்த்தைக்கு பென்சில்ல தமிழ் அர்த்தம் எழுதி வச்ச அந்த புத்தகத்தையே கொண்டு வந்து காட்டுனாங்க. பசங்க அதை வாங்கி வாங்கி பாத்தாங்க.

கடைசியில டீ, போண்டா, ஒரு சின்ன அட்டை. அதுல உங்க வழிகாட்டி பேரு, என்ன வேலை, நம்பர் இருக்கும். வாய் திறந்து பேசணும்னு கட்டாயம் எதுவும் இல்ல, சும்மா உக்காந்து கேட்டுட்டுப் போனாலும் சரி.

நான் காலேஜ் போகல, வேலைக்குப் போறேன். இந்த சங்கத்துல எனக்கு என்ன இருக்கு?

தம்பி, நீங்கதான் முக்கியமா வரணும். படிச்சு பெரிய ஆளானவங்க மட்டும் இருக்கற எடம் இது கிடையாது. வேலைக்குப் போறீங்கன்னா அந்த கம்பெனில பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) புடிக்கறாங்களா, இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இருக்கா, தங்கறதுக்கு எங்க ரூம் கிடைக்கும்னு கேக்க அதே ஊர்ல நம்ம ஸ்கூல் ஆள் ஒருத்தர் இருப்பார், அவரை அறிமுகப்படுத்தி வைப்போம். ரெண்டு வருஷம் கழிச்சு படிக்கணும்னு தோணுனாலும் கேளுங்க. அதுக்கேத்த பாடம் எடுத்து பிளஸ் டூ பாஸ் பண்ணவங்க பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம்னு நெறைய பேருக்குத் தெரியறதே இல்ல.

பாலிடெக்னிக்னா கம்மியா நெனைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், அங்க ரயில்வே ஸ்கூல்ல படிச்சவர், அடுத்து போனது பாலிடெக்னிக்தான், டிப்ளமோ முடிச்சிட்டு அப்புறம்தான் இன்ஜினியரிங், திருச்சி என்ஐடி, ஐஐடி மெட்ராஸ் எல்லாம். 2023-ல தமிழ்நாடு அரசு அவருக்கு 25 லட்ச ரூபாய் பரிசு குடுத்தப்போ அந்தப் பணத்தை அப்படியே, பாலிடெக்னிக்ல இருந்து ஐஐடி வரைக்கும் தான் படிச்ச எடங்களோட முன்னாள் மாணவர் சங்கங்களுக்கே குடுத்துட்டார். ஐஐடிக்கு மட்டும் குடுத்திருந்தா யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க. பாலிடெக்னிக்கையும் மறக்கல பாருங்க, அது எனக்கு ரொம்ப பெரிய விஷயம்.

நான் பழைய பேட்ச். புதுசா வர்ற பசங்ககிட்ட என்ன பேசறது?

அண்ணே, அக்கா, வந்ததுக்கே நன்றி. ஒரு நாலு விஷயம் மட்டும் மனசுல வச்சுக்கோங்க. எங்க காலத்துல அடி வாங்கிப் படிச்சோம்னு ஆரம்பிக்காதீங்க, அதோட பிள்ளைங்க காது மூடிடும். மார்க் எவ்ளோன்னு எடுத்த உடனே கேக்காதீங்க. எந்த தெரு, யார் வீட்டுப் பையன்னு கேக்கவே கேக்காதீங்க, அது எதுக்குக் கேக்கற கேள்வின்னு பிள்ளைங்களுக்கு நல்லாவே தெரியும். நீங்க தடுக்கி விழுந்த எடத்தை சொல்லுங்க, அரியர் வச்சது, முதல் வேலை போனது, லோன் கட்ட முடியாம திண்டாடுனது, அதுதான் அவங்களுக்கு உதவும்.

வழிகாட்டியா பேர் குடுத்தா ஜூன் ஜூலைல போன் எடுக்கணும். எடுக்க முடியாத அளவு வேலைன்னா பேர் குடுக்காதீங்க, ஒண்ணும் தப்பில்ல, வேற உதவி நெறைய இருக்கு. பிள்ளை போன் பண்ணி மூணு தடவை எடுக்கலன்னா நாலாவது தடவை அது பண்ணாது.

சாதி, கட்சி, ரசிகர் மன்றம்?

எதுவும் கூடாது. சாதியைக் காட்டற கலர் கயிறு கையில கட்டிட்டு கூட்டத்துக்கு வராதீங்க, பேனர்ல பட்டப்பேர் போடாதீங்க. பள்ளிக்கூடத்துல சாதி மோதலைத் தடுக்கறது எப்படின்னு ஆராய்ஞ்ச ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு கமிட்டி 2024-ல குடுத்த அறிக்கையில கலர் கயிறு கட்டறதை தடை பண்ணணும்னு சொல்லியிருக்கு. பிள்ளைங்களுக்கு சொல்றதை முதல்ல பெரியவங்க நாம பண்ணணும். நம்ம சங்கத்துல உங்க பேருக்குப் பக்கத்துல பேட்ச் வருஷம் மட்டும்தான் வரும்.

வெளிநாட்டுல இருக்கேன், பணம் அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனா ஒண்ணு கவனிங்க. நீங்க இன்னும் இந்தியக் குடிமகனா இருந்தா, உங்க சொந்த சம்பாத்தியத்துல இருந்து பேங்க் வழியா அனுப்பறது வெளிநாட்டு நன்கொடைல வராது. வேற நாட்டு குடியுரிமை வாங்கிட்டீங்கன்னா அது வெளிநாட்டுப் பணம், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ அனுமதியோ இல்லாத சங்கம் அதை வாங்கவே கூடாது, நம்மகிட்ட அது இல்ல. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க. ஸ்கூலுக்கே நேரா செய்யணும்னா 2022 டிசம்பர்ல அரசு தொடங்குன நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் இருக்கு, அதுல நம்ம ஸ்கூலையே தேர்ந்தெடுத்துக் குடுக்கலாம்.

பணம் இல்லாமலும் செய்யலாம். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களோட பழைய மாணவர் சங்கங்களுக்கு லண்டன்லயும் டொரான்டோலயும் கிளைகளே இருக்கு, ஊரை விட்டு அவ்ளோ தூரம் போனவங்களும் ஸ்கூல் பேரைச் சொல்லி ஒண்ணா கூடறாங்க. நீங்க வீடியோ கால்ல அரை மணி நேரம் ஒரு பிள்ளைக்கு இங்கிலீஷ் பேசப் பழக்குனா கூட பெரிய உதவி.

கணக்கு யார் பாக்கறாங்க?

சங்கம் 1975-ம் வருஷ தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவானது. காசோலையில ரெண்டு பேர் கையெழுத்து வேணும், ஒவ்வொரு மாசமும் வரவு செலவு அறிவிப்பு குரூப்ல வரும். புது பேட்ச் ஆளும் கணக்கு கேக்கலாம், சின்னப்பையன் கேக்கறான்னு யாரும் கோச்சுக்கக் கூடாது.

ஸ்கூல் விஷயத்துல எங்க பேச்சு எடுபடுமா?

எடுபடும். பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கு, 2009 கல்வி உரிமைச் சட்டத்துல வந்தது, பெரும்பாலும் பெற்றோர்தான் இருப்பாங்க. 2024-ல நம்ம மாநிலத்துல அதை மறுபடி அமைச்சப்போ முன்னாள் மாணவர்களுக்கும் இடம் குடுத்தாங்க. கழிவறைல தண்ணி வரல, லேப்ல சாமான் இல்லன்னு நேத்து வரைக்கும் அங்க படிச்ச உங்களுக்குத் தெரிஞ்ச அளவு எங்களுக்குத் தெரியாது. அதனால கூட்டத்துக்கு முன்னாடி புது பேட்ச்கிட்டதான் முதல்ல கேக்கறோம்.

பேட்ச் பிரதிநிதி யாரு?

செக்‌ஷனுக்கு ஒரு தம்பி, ஒரு தங்கச்சி. நீங்களே தேர்ந்தெடுங்க. ஃபர்ஸ்ட் ரேங்க் எடுக்கற பிள்ளையத்தான் போடணும்னு இல்ல. கிளாஸ்ல எல்லார்கிட்டயும் பேசற பிள்ளை ஒண்ணு இருக்கும் பாருங்க, யார் வீடு எங்கன்னு தெரிஞ்ச பிள்ளை, அதுதான் சரி.

ஃபார்ம் எங்க வாங்கணும்? என்ன எழுதணும்?

கூட்டத்தன்னிக்கே குடுப்போம். வர முடியலன்னா டிசி, மார்க் ஷீட் வாங்க வர்ற நாள்ல ஆபீஸ் வராண்டால நம்ம ஆளுங்க ஒரு டேபிள் போட்டு உக்காந்திருப்பாங்க. ஒரே பக்கம்தான். பேரு, செக்‌ஷன், எமிஸ் நம்பர், அடுத்து என்ன பண்ணப்போறீங்க, தெரியலன்னா தெரியலன்னே எழுதுங்க. போன் நம்பர் மட்டும் ரெண்டு குடுங்க, ஒண்ணு உங்களது, இன்னொண்ணு வீட்ல மாறாம இருக்கற ஒருத்தரோடது, அம்மாவோ பெரியம்மாவோ. காலேஜ் சேர்ந்த உடனே பாதி பேர் சிம் மாத்திடறீங்க, அப்புறம் ஸ்காலர்ஷிப் தகவல் வந்தா எந்த நம்பருக்கு அனுப்பறதுன்னு தெரியாம நிக்கறோம். ஃபார்மோட ஆதார் ஜெராக்ஸ் எல்லாம் வேண்டாம், பேனா மட்டும் கொண்டு வாங்க.